ஈயக் குட்டைக் கரைக்கு ஒரே ஒரு கம்பு: லூர் வீசுவதற்குப் பொதுவான ராட் தேர்ந்தெடுத்த அனுபவம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். செம்பனை வரிசைகள் முடிகிற இடத்தில், வெள்ளை மணல்மேடுகளுக்கு நடுவே, பழைய ஈயக் குட்டைகள் தொடங்குகின்றன. 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் (வெள்ளீயத்தின்) விலை சரிந்த பிறகு, ஈயலம்பங்கள் என்னும் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தங்கிவிட்டது. விராலும் அதன் பெரிய இனமான தோமானும் இந்த மண்ணுக்கே உரியவை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பீகாக் பாஸ் பிற்பாடு மனிதர் கையால் இங்கே வந்து சேர்ந்து, இப்போது குட்டைகளில் பெருகிக் கிடக்கிறது. இந்த மூன்று மீன்களையும் லூர் (செயற்கை இரை) வீசிப் பிடிக்க ஏற்ற ஒரே ஒரு கம்பை நான் கண்டடைவதற்கு ஆறு ஆண்டுகளும் மூன்று கம்புகளும் ஆயின. அந்த அனுபவத்தை, முதல் கம்பு வாங்கப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். கடையில் 'பாஸ் ராட்' என்று விற்கப்படும் கம்பு, வட அமெரிக்காவின் பெரியவாய் பாஸ் மீனை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அந்த மீன் 1925-இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்டது. ஜப்பானியர்கள் அதற்கென்றே ஒரு கம்புத் தொழிலை வளர்த்தெடுத்தார்கள். நம் ஊர் பீகாக் பாஸ் பெயரளவில்தான் பாஸ். உறவு முறையில் அது திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இருந்தாலும் அது பதுங்கும் இடம், பாய்ந்து கவ்வும் விதம், அதற்கு வீசும் லூரின் எடை ஆகிய மூன்றும் பாஸ் மீன்பிடிப்போடு நெருங்கி வருவதால், பாஸ் கம்பு நமக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

என் முதல் கம்பை 2011-இல் தீபாவளி போனஸில் வாங்கினேன். ஏழரை அடி நீளம், தடித்த அடிப்பாகம், பெரிய தோமானையும் தூக்கிவிடும் என்று கடைக்காரர் சொன்ன சொல். பெரிய மீனுக்குப் பெரிய கம்பு என்பது அப்போது எனக்கு மறுக்க முடியாத நியாயமாகத் தோன்றியது. மறுநாள் காலை குட்டைக்குப் போய், பத்து கிராம் எடையுள்ள, சிறுமீன் வடிவ மினோ லூரைக் கட்டி வீசினேன். அது பத்து மீட்டர்கூடப் போகாமல் விழுந்தது. பலம் கூட்டி வீசினேன். ரீலில் தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டதே தவிர, தூரம் கூடவில்லை. நண்பகலுக்குள் தோள்பட்டை வலி எடுத்துவிட்டது.

என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனைக் குலை வெட்டியவர். அன்று அவர் கரையில் உட்கார்ந்து நான் வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து கம்பை வாங்கி, குலை வெட்டும் அரிவாள் கம்பை எடைபார்ப்பதுபோல் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "கம்பு உனக்கு வேல செய்யணும் ஐயா. இது உன்னயில்ல வேல வாங்குது" என்றார். மரத்தின் உயரம் தெரியாமல் அவர் ஒருநாளும் கம்பை எடுத்ததில்லை. இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் என்று, வேலையைப் பார்த்த பிறகே கருவியைத் தொடுவார்.

அவர் சொன்னதன் விளக்கம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நாம் வீசும்போது லூரின் எடை கம்பைப் பின்னோக்கி வளைக்கிறது. வளைந்த கம்பு நிமிரும்போது அந்த விசைதான் லூரைத் தள்ளிக்கொண்டு போகிறது. என் முதல் கம்பு 28 முதல் 84 கிராம் வரையிலான லூருக்கு உரியது. பத்து கிராம் அதை வளைக்கவே இல்லை. வளையாத கம்பு எதையும் எறியாது. மறுதலையாக, மெல்லிய கம்பில் மிகக் கனமான லூரைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் நுனி முறிந்துபோகும். ஆகவே கம்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது, பிடிக்க நினைக்கும் மீனின் அளவை விட்டுவிட்டு, வீசப்போகும் லூரின் எடையைத்தான்.

அந்த எடை கம்பிலேயே எழுதியிருக்கும். கைப்பிடிக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில், நீளம், வலு, நரம்பின் தாங்குதிறன், லூரின் எடை ஆகியவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க முறையில் லூர் எடை அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம் என்று நினைவில் வைத்துக்கொண்டால், கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம், முக்கால் அவுன்ஸ் 21 கிராம் என்று எளிதில் கணக்கிடலாம். ஜப்பானிய முறையில் பெரும்பாலும் கிராமிலேயே இருக்கும். அதோடு 'சி662எம்' போன்ற ஒரு குறியீடும் இருக்கும். 'சி' என்றால் கம்பின் மேலே அமர்ந்து உருளை சுழலும் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கானது, 'எஸ்' என்றால் கம்பின் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலுக்கானது. 66 என்பது ஆறு அடி ஆறு அங்குலம். கடைசி 2 என்பது இரண்டு துண்டாகப் பிரியும் கம்பு. 'எம்' என்பது நடுத்தர வலு. இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்துவிட்டால், கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வாங்கும் நிலை வராது.

லூர் எடையை எப்படி முடிவுசெய்வது? என்னிடமிருந்த லூர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மாவு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எழுதினேன். விராலுக்கு வீசும் ஜம்ப் ஃப்ராக் தவளைகள் 8 முதல் 12 கிராம். பீகாக் பாஸுக்கு நான் பயன்படுத்தும் மினோவும், நீர்மேல் சத்தமிடும் சிறு பாப்பரும் 7 முதல் 12 கிராம். தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் 10 அல்லது 14 கிராம். கரண்டி லூர்கள் 14 முதல் 18 கிராம். 20 கிராமுக்கு மேலிருந்தவை இரண்டே இரண்டு. அவற்றை நான் ஆண்டில் ஒருமுறை வீசியிருந்தால் அதிகம். அந்தத் தாளைப் பார்த்தபோது, எனக்குத் தேவையான கம்பு 7 முதல் 21 கிராம் வரை என்று அச்சிட்டதுதான் என்பது ஐயமின்றித் தெரிந்தது. ஒரு கம்பு அதன் எல்லைகளின் நடுவில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டு ஓரங்களிலும் தட்டுத்தடுமாறித்தான் செய்யும். ஆகவே நாம் அடிக்கடி வீசும் லூர், கம்பின் எடை வரம்புக்கு நடுவில் விழ வேண்டும்.

இந்தக் கணக்கைச் செய்வதற்கு முன்பே, அவசரத்தில் இரண்டாவது கம்பை வாங்கியிருந்தேன். அது எனக்கு வேறொரு பாடத்தைச் சொன்னது. வலு என்பதும் வளைவு என்பதும் ஒன்றல்ல. வலு என்பது கம்பை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைக் குறிக்கிறது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்பவை அதன் படிகள். கம்பெனிகளுக்கிடையே பொது அளவுகோல் இல்லாததால், ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய மீடியம் ஹெவியாக இருக்கலாம்; அதனால்தான் எழுத்தைவிட எண்ணை நம்ப வேண்டும் என்கிறேன். வளைவு என்பதோ, கம்பு எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. நுனியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட்; பாதியிலிருந்து வளைந்தால் மாடரேட்; இடைப்பட்டது மாடரேட் ஃபாஸ்ட்.

என் இரண்டாவது கம்பு மீடியம் ஹெவி, எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். தவளை லூருக்கு அது அருமையான கம்பு. தாமரையும் கோரையும் அடர்ந்த ஓரத்தில் விரால் தவளையைக் கவ்வியதும், ஒரு மூச்சு விட்டு, கம்பைச் சுண்டினால், லூரின் தடித்த இரட்டைத் தூண்டில் முள் விராலின் கெட்டியான வாயில் ஆழமாக இறங்கிவிடும். அதே கம்பில் மூன்று முனை முள் தொங்கும் கிராங்க்பெய்ட் என்னும் லூரைக் கட்டி பீகாக் பாஸுக்கு வீசியபோதுதான் சங்கடம் தொடங்கியது. ஒரு காலையில் ஐந்து மீன்கள் கவ்வின. நான்கு மீன்கள் தப்பின. கரைக்கு மிக அருகில், தண்ணீருக்குள் அதன் வாலில் இருக்கும் கண் போன்ற கருவட்டம் தெளிவாகத் தெரிகிற தூரத்தில், மீன் எகிறித் தலையை உதறும். லூர் என் முகத்தை நோக்கித் தெறித்து வரும். கடைசியாகப் பிடித்த ஐந்தாவது மீனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முள் குத்திய இடத்தில் அரை அங்குல நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. கம்பின் நுனி மீனின் உதறலோடு சேர்ந்து வளைந்துகொடுக்காததால், சிறிய முள் சதையைக் கிழித்து ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டிருக்கிறது. பின்னல் நரம்புக்கு இழுபடும் தன்மை இல்லாததும் அதற்குத் துணைபோயிருக்கிறது.

ஒற்றை முள்ளுக்கும் தடித்த முள்ளுக்கும் விறைப்பு வேண்டும்; சிறிய மூன்று முனை முள்ளுக்கு இளக்கம் வேண்டும். ஒரே கம்பில் இரண்டையும் செய்ய நினைப்பவர், இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். என் அனுபவத்தில் அந்த இடம், மீடியம் ஹெவி வலுவும் மாடரேட் ஃபாஸ்ட் வளைவும் கொண்ட கம்பு. அது கிடைக்காவிட்டால் மீடியம் ஹெவி ஃபாஸ்ட் வாங்கி, லூர் வகைக்கு ஏற்ப மற்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். கிராங்க்பெய்ட் வீசும் நாளில் லீடராக, அதாவது லூரை ஒட்டிக் கட்டும் நுனி நரம்பாக, ஃப்ளூரோகார்பன் நரம்புக்குப் பதில் ஒரு மீட்டர் நைலான் நரம்பைக் கட்டுகிறேன். நைலான் சற்று நீண்டுகொடுக்கும். மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் ரீலின் டிராகையும் கொஞ்சம் தளர்த்திவிடுகிறேன். மீன் கவ்வியதும் சுண்டாமல், கம்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பாரம் ஏற்றினாலே போதும்.

நீளத்தைப் பொறுத்தவரை, பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் ஏழு அடி படகில் நிற்பவருக்கு ஏற்றது. நாம் நிற்பது கரையில். எங்கள் பக்கத்துக் குட்டைகளில் கரையோரம்வரை செம்பனை நிற்கும் இடங்கள் உண்டு. மட்டை தலைக்கு மேலே தாழ்ந்து தொங்கும். பின்னால் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். ஏழு அடிக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கினால் நுனி மட்டையில் இடிக்கும். ஆறு அடி ஆறு அங்குலக் கம்பால் பக்கவாட்டில் வீசலாம், மணிக்கட்டால் சுழற்றி மட்டைக்கு அடியில் லூரை வழுக்கிவிடலாம். திறந்த மணல்மேட்டில் நிற்பவருக்கு ஏழு அடி கூடுதல் தூரம் தரும் என்பது உண்மைதான். ஆனால் பீகாக் பாஸ் சாய்ந்த மரத்தையும் கரையோர வேரையும் ஒட்டியே நிற்பதால், தூரத்தைவிடக் குறிதவறாமை எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டிங்கா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. 7 கிராமுக்குக் குறைந்த லூர்களை அதிகம் வீசுபவரும் புதிதாகக் கற்பவரும் ஸ்பின்னிங் வாங்கலாம். தவளையும் ஸ்பின்னர்பெய்ட்டும் அதிகம் வீசுபவர் பெய்ட்காஸ்டிங் பழகிக்கொள்வது நல்லது. கட்டைவிரலால் லூரை விரும்பிய இடத்தில் நிறுத்தும் வசதி அதில் உண்டு. பழகும் காலத்தில் நரம்பு சிக்கும். பொறுமையாகப் பிரிக்க வேண்டும். நான் பெய்ட்காஸ்டிங் பக்கம்.

2017-இல் மூன்றாவது கம்பை வாங்கப் போனபோது, கையில் என் ரீலையும் கொஞ்சம் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போனேன். கடைத் தவுக்கே (முதலாளி) வயதானவர். முதலில் வியப்போடு பார்த்தார், பிறகு உதவினார். கம்பில் ரீலைப் பொருத்தி, ஆள்காட்டி விரலில் கிடத்தி, பாரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். ரீலுக்குச் சற்று முன்னால் நின்றது. நாள் முழுவதும் வீசினாலும் மணிக்கட்டு நோகாது. பஞ்சை, கம்பில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றி எடுத்தேன். பீங்கான் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். அந்தக் கீறல் பின்னாளில் நரம்பை அறுக்கும். பீங்கான் இல்லாத வெறும் கம்பி வளையம் என்றால், பின்னல் நரம்பு கொஞ்ச காலத்தில் அதில் தடம் பதித்துவிடும். வளையங்களை எண்ணினேன்; அடிக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்பது பழைய வழக்கு. அதைவிடக் குறைந்தால், கம்பு வளையும்போது நரம்பு கம்பின் உடலில் உரசும்.

வளைவைச் சோதிப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நுனியைக் கையால் பிடித்து வளைப்பதோ, கூரையில் அழுத்திப் பார்ப்பதோ கூடாது. பாரம் ஓரிடத்தில் குவிந்து முறிந்துவிடும். நான் நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, முனையைத் தவுக்கேயின் கையில் கொடுத்து, அவரைக் கீழே அமர்ந்து மெல்ல இழுக்கச் சொன்னேன். லேசாக இழுத்தபோது நுனி மட்டும் தலைகுனிந்தது. இன்னும் இழுத்தபோது வளைவு படிப்படியாக இறங்கிப் பாதிக்குச் சற்று மேலே நின்றது. அதற்குக் கீழே கம்பு அசையவில்லை. ஆறு ஆண்டுகளாக நான் தேடியது அந்த வளைவைத்தான். இரண்டு துண்டுக் கம்பு, ஆறு அடி ஆறு அங்குலம், 7 முதல் 21 கிராம், நரம்பு 8 முதல் 17 பவுண்டு. 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பு செய்யப்படும் கார்பன் இழையின் டன் எண் (அதன் விறைப்பைக் குறிப்பது) கூடக்கூட விலையும் கூடும். கம்பு எடை குறைந்து, மீன் தொடுவதைக் கைக்கு நன்றாக உணர்த்தும். ஆனால் அடிபட்டால் முறியும் தன்மையும் கூடும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போகும் நமக்கு, 24 டன் வகை போதுமானது என்பது என் கருத்து. மிச்சப்படும் பணத்தை நல்ல நரம்புக்கும் கூர்மையான முள்ளுக்கும் செலவிடலாம். அதே காரணத்தால்தான் இரண்டு துண்டுக் கம்பையும் பரிந்துரைக்கிறேன். பொருத்தும் இடத்தில் உணர்வு குறையும் என்பார்கள். இன்றைய கம்புகளில் அந்த வேறுபாட்டை என் கை உணரவில்லை.

நரம்பு விஷயத்தில் கவனம் தேவை. 8 முதல் 17 பவுண்டு என்பது நைலானைக் கருதி எழுதிய எண். பின்னல் நரம்பு மெல்லியதாக இருந்துகொண்டே மிகுந்த பாரம் தாங்கும். நான் 20 பவுண்டு பின்னல் நரம்பும் அதே அளவு லீடரும் கட்டுகிறேன். தோமான் உள்ள குட்டையில் லீடரை 30 பவுண்டுக்கு உயர்த்துகிறேன், அதன் பற்கள் கூர்மையானவை. மீன் தராசை நரம்பில் மாட்டி இழுத்து, டிராக் இரண்டு கிலோவில் நழுவும்படி வைத்துக்கொள்கிறேன். அதை இறுக்கிப் பூட்டிவிட்டால், லூர் வேரில் மாட்டும்போது நரம்பு அறாது, கம்புதான் முறியும். வேரில் மாட்டினால் கம்பை நரம்புக்கு நேராக நீட்டி, ரீலை அழுத்திப் பிடித்துப் பின்னால் நடக்க வேண்டும். மீனைக் கரையேற்றும்போது கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்க்கக் கூடாது. அப்போது முழுப் பாரமும் மெல்லிய நுனியில் விழும். என் நண்பர் ஒருவரின் கம்பு என் கண்ணெதிரே அப்படித்தான் இரண்டானது.

இந்தக் கம்பால் முடியாதவையும் உண்டு. 5 கிராமுக்குக் குறைந்த லூரை இது ஒழுங்காக எறியாது. குஞ்சுகளைக் காக்கும் பெரிய தோமானை மூழ்கிய மரங்களுக்கிடையிலிருந்து இழுத்தெடுக்க இதற்கு வலு போதாது. குஞ்சுகளோடு நிற்கும் தோமானை விட்டுவிடுவதே நல்லது என்பதால், அதை நான் ஒரு குறையாக எண்ணவில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் பக்கம் பிற்பகலில் இடி திரளும். முதல் முழக்கம் கேட்டதுமே கம்பைக் கீழே வைத்துவிட்டுத் திறந்த கரையை விட்டு விலக வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மின்கம்பி போகும் இடத்தில் கம்பைத் தூக்கிப் பிடித்து நடக்கவும் கூடாது. ஈயக் குட்டையின் கரை ஓரடி எடுத்து வைத்தாலே சரிந்து ஆழமாகும். மாட்டிய லூரை எடுக்கத் தண்ணீரில் இறங்க வேண்டாம். வேலியிட்ட குட்டைகளுக்குள் நுழைய வேண்டாம்.

போன மாதம் என் அக்கா மகன் வந்திருந்தான். முதல் சம்பளம் வாங்கிய கையோடு கம்பு வாங்கப் போகிறானாம். "மாமா, தோமான் பிடிக்கிற மாதிரி நல்லா பெரிய கம்பா பாத்துச் சொல்லுங்க" என்றான். அவனுடைய லூர் டப்பாவைத் திறக்கச் சொல்லி, அடுப்படியிலிருந்து மாவுத் தராசை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக வைத்து எழுதினான்: 9, 7, 10, 12, 14, 8. கடைசி எண்ணை எழுதிவிட்டுத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரோரம் சாய்த்திருந்த என் கம்பை எடுத்து, கைப்பிடிக்கு மேலுள்ள பொடி எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் படிக்கத் தொடங்கினான்.